சோறு இடது பக்கம், சூப்பு வலது பக்கம்

செல்வம்,

தந்தி கிடைத்திருக்கும். ‘கிண்ணத்தில் சாப்பிடாதே, உடைத்துவிடு’ என்று அடித்திருந்தேன். அதில் முதல் பாதி அப்படியே இருக்கட்டும். இரண்டாம் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். இன்னும் உடைக்கவில்லை என்றால் உடைக்காதே. உடைத்துவிட்டாய் என்றால் துண்டுகளைக் குப்பையில் போடாமல் ஒரு துணியில் கட்டி வை. தந்தி அடித்தது வியாழக்கிழமை, இதை எழுதுவது திங்கட்கிழமை. நடுவில் ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டுக்குப் போய் வந்தேன். அந்தக் கிண்ணத்தை உடை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

உன் கடிதத்தை அம்மாதான் முதலில் பிரித்தாள். பீங்கான் ஆலை வேலை பிடித்திருக்கிறது, பூச்சு கலக்குகிற கிளேஸ் பிரிவில் போட்டிருக்கிறார்கள், அறையில் இன்னொரு தமிழ்ப் பையன் இருக்கிறான், சமைத்துக்கொள்கிறோம் என்று நீ எழுதியதையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். அப்பாவின் அலமாரியில் இருந்த பச்சைக் கிண்ணத்தைக் கேட்காமல் எடுத்து வந்துவிட்டேன், தினமும் அதில்தான் தயிர்சாதம், மிச்சத்தை மூடி வைத்துக் காலையில் சாப்பிடுகிறேன், மூடி அவ்வளவு கச்சிதம், இந்தப் பச்சையை உங்கப்பா எப்படிக் கொண்டுவந்தார் என்று இங்கே எல்லாரும் கேட்கிறார்கள், அடியில் இருக்கிற கருப்புப் பொட்டு அப்பாவின் முத்திரையா என்று நீ கேட்டிருந்த இடம் வந்ததும் நான் சட்டையை மாட்டிக்கொண்டு தந்தி ஆபீசுக்குக் கிளம்பிவிட்டேன். என்ன ஏது என்று அம்மா வாசல்வரை கேட்டுக்கொண்டே வந்தாள். அவளுக்கும் அதுவரை ஒன்றும் தெரியாது.

அந்தப் பச்சையில் காரீயம் இருக்கிறது. ரசம் வைக்கிற ஈயச்சொம்பின் வெள்ளீயம் இல்லை. உடம்புக்குள் போனால் லேசில் வெளியே வராமல் நரம்பைப் போய்ப் பிடித்துக்கொள்கிற காரீயம். தயிர், புளி, எலுமிச்சை, புளித்த பழையது, எது பட்டாலும் அந்தப் பூச்சிலிருந்து அது கரைந்து வரும். இரவு முழுக்க ஊறினால் இன்னும் அதிகமாக வரும். நீ மூன்று வாரம் சாப்பிட்டிருக்கிறாய். பதறாதே. ஆனால் இந்தக் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரியாகப் பார்த்துப் போய், காரீயம் சேர்ந்திருக்கிறதா என்று ரத்தத்தைப் பார்க்கச் சொல். சும்மா வயிறு வலிக்கிறது என்று போய் நிற்காதே. வயிறு வலிக்கிறது என்றால் வயிற்றுவலிக்குத்தான் மருந்து கொடுப்பார்கள். அப்படி மருந்து சாப்பிட்டு ஏமாந்த ஒருத்தியை எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

இந்தக் கடிதத்துக்கு இரண்டு பிரதி எடுக்கிறேன். ஒன்று உனக்கு. இன்னொன்று நம் பீங்கான் தொழில்காரர்கள் மாதாமாதம் படிக்கிற பத்திரிகைக்கு. குடும்ப விஷயத்தை அச்சில் போடுவதா என்று நீ கூச்சப்படலாம். ஆனால் அந்தப் பச்சைக்கு ஆசைப்பட்டு என் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போனவர்கள் விருத்தாசலத்திலேயே ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். அவர்கள் யாருக்குச் சுட்டுக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். எனக்கு நாற்பத்தொன்று ஆகிறது. படிப்பு இருக்கிறது, கை வேலை இருக்கிறது, பொறுமை மட்டும் இன்னும் வரவில்லை. நடந்ததெல்லாம் அந்தப் பொறுமை இல்லாததால் நடந்தது. அதனால் இந்த ஒரு தடவையாவது மெதுவாகச் சொல்லப் பார்க்கிறேன்.

அறுபதுகளின் கடைசியில், நான் வேலை பார்க்கிற பீங்கான் நிலையத்திலிருந்து ஆறு மாதப் பயிற்சிக்கு என்னை ஜப்பானுக்கு அனுப்பினார்கள். உனக்கு அப்போது ஒன்பது, பத்து வயது. சூளைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். விடுதியில் என் அறையில் இருந்தவர் கொரியாவிலிருந்து பயிற்சிக்கு வந்திருந்த யூன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். விடுதிச் சாப்பாடு இரண்டு பேருக்குமே இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் விடுதி அடுப்பில் அவர் சோறு வைத்து, காய்ந்த மீனும் முள்ளங்கியும் போட்டு ஒரு சூப்பு வைப்பார். கருவாட்டுக் குழம்பில் புளியை எடுத்துவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். சோறும் சூப்பும் சேர்ந்தால்தான் அவர்களுக்குச் சாப்பாடு. நாம் வழியில் பார்க்கிறவனை ‘சாப்ட்டியா’ என்று கேட்கிற மாதிரி அவர்களும் ‘சோறு சாப்பிட்டாயா’ என்றுதான் நலம் விசாரிப்பார்களாம். முதல் ஞாயிற்றுக்கிழமை, உதவி செய்கிறேன் பேர்வழி என்று இரண்டு கிண்ணத்தையும் எடுத்து அவர் முன்னால் நான் வைத்தேன். அவர் சிரிக்காமல் இரண்டையும் இடம் மாற்றினார். சோறு இடது பக்கம், சூப்பு வலது பக்கம். நான் வைத்தது செத்தவர்களுக்குப் படைக்கிற முறை என்றார். உயிரோடு இருக்கிறவன் முன்னால் அப்படி வைத்தால், நீ எங்கள் கணக்கில் இல்லை என்று சொல்கிற மாதிரி ஆகிவிடுமாம். பிறகு என் கிண்ணத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். பெரியவர்களுக்குக் கொடுப்பதென்றால் அவர்கள் அப்படித்தான் கொடுக்க வேண்டும். நான்தானே சின்னவன், எனக்கு எதற்கு இரண்டு கை என்று கேட்டேன். நீ விருந்தாளி ஆயிற்றே என்றார்.

ஒரு வீட்டின் சோற்றையும் சூப்பையும் பார்த்தால் போதும், அந்த வீட்டையும் நாட்டையும் சொல்லிவிடலாம் என்பது யூனின் கட்சி. அவருடைய அப்பா நிலபுலன் உள்ளவர். அவருக்கென்று ஒரு ஆள் சாப்பிடுகிற சின்ன மேசை, அதில் முதல் சோறு, முதல் சூப்பு. அவர் சாப்பிட்டு எழுந்ததும் அந்த மேசை அப்படியே பிள்ளைகளிடம் போகும். பிள்ளைகள் முடித்ததும் அடுக்களைக்குப் போகும். பெண்கள் முடித்த பிறகு வேலைக்காரர்களிடம் போகும். அப்பா மீனில் பாதியை வேண்டுமென்றே மிச்சம் வைப்பாராம். மிச்சம் வைப்பது அவருடைய பெருந்தன்மை, மிச்சத்தைத் தின்பது மற்றவர்களுடைய கடமை என்று யூன் சொல்லுவார். அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, மிஞ்சின சோற்றைச் சூப்புத் தண்ணீரில் போட்டுக் கலந்து குடிக்கிற அம்மாவைத்தான் அவருக்கு ஞாபகம். பிள்ளை பெற்றவளுக்கு அங்கே கடற்பாசி சூப்பு வைத்துக் கொடுப்பார்கள். அம்மாவுக்கென்று முதலில் ஊற்றின சூப்பு அது ஒன்றுதான், அதற்காகவே ஐந்து பிள்ளை பெற்றாளோ என்னவோ என்பார்.

அப்புறம் போர் வந்தது, நிலமும் மேசையும் போயிற்று. ஊர் விட்டு ஊர் ஓடி ஒரு சந்தையில் வந்து விழுந்தார்கள். அங்கே ஒரு பெரிய கொப்பரையில் எலும்பு கொதித்துக்கொண்டிருக்கும். கிண்ணத்தில் சோற்றைப் போட்டு மேலே சூப்பை ஊற்றிக் கொடுப்பார்கள். மூட்டை தூக்குகிறவனும் நிலக்காரர் பிள்ளையும் ஒரே பலகையில் தோள் இடிக்க உட்கார்ந்து தின்றார்கள். தின்ற கிண்ணத்தை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து அடுத்த ஆளுக்குக் கொடுப்பார்கள். எனக்கு முன்னால் இதில் யார் சாப்பிட்டான் என்று ஒருவரும் கேட்கவில்லை, எங்கள் ஊரில் நான் பார்த்த புரட்சி அது ஒன்றுதான் என்றார் யூன். நான் அவரைச் சந்தித்த சமயத்தில் அவர்கள் நாட்டில் அரிசிக்குத் தட்டுப்பாடு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் டிபன் பாக்ஸைத் திறந்து பார்ப்பாராம். பார்லி கலக்காத வெள்ளைச் சோறு இருந்தால் பையனுக்கு அடி விழும். அதனால் வசதியானவர்கள் வெள்ளைச் சோற்றின் மேலே மட்டும் ஒரு பிடி பார்லியைத் தூவி அனுப்புவார்களாம். இதைச் சொல்லிவிட்டு யூன் விழுந்து விழுந்து சிரித்தார். நாமும் அப்போது ரேஷனில் கோதுமைக்கு நின்றுகொண்டிருந்தோம், எனக்கும் சிரிப்பு வந்தது.

இதையெல்லாம் கேட்டேன். ஆனால் எப்படிக் கேட்டேன் என்பதுதான் விஷயம். ஒரு மனிதர் தன் அம்மா தரையில் உட்கார்ந்து குடித்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் அவர் கையில் இருந்த மூடி போட்ட சோற்றுக் கிண்ணத்தின் சுவர் எத்தனை கனம், மூடி உட்காருகிற விளிம்பு எத்தனை சரிவு என்று மனசில் அளந்துகொண்டிருந்தேன். அவர் காட்டின படங்களில் அவர்கள் ஊர்ப் பழைய பாண்டங்களின் பச்சை இருந்தது. மழை நின்ற மறுநாள் மணிமுத்தாற்றுத் தண்ணீரில் ஒரு பச்சை தெரியுமே, அது. ஊருக்குத் திரும்பி வந்தபோது கிண்ணத்தின் அளவையும் அந்தப் பச்சையையும்தான் கொண்டுவந்தேன். அந்த மேசை யார் யாரிடம் போயிற்று என்று அவர் சொன்னதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

அந்தப் பச்சை நம் ஊரில் லேசில் வராது. இரும்புச் சத்தைக் கொஞ்சமாகச் சேர்த்து, நல்ல சூட்டில், காற்றை அடைத்துச் சுட வேண்டும். பெரிய சூளையில் என் முறை வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். என்னால் ஒரு மாதம் காத்திருக்க முடியவில்லை. சோதனைக்கு வைத்திருந்த சின்னச் சூளையில் அவ்வளவு சூடு ஏறாது. குறைந்த சூட்டில் உருகுவதற்குக் காரீயத்தைச் சேர்த்தேன், பச்சை வருவதற்குத் தாமிரத்தைச் சேர்த்தேன். காரீயத்தை முதலில் மணலோடு உருக்கிக் கண்ணாடியாக்கி, அரைத்து, அதற்குப் பிறகுதான் பூச்சில் கலக்க வேண்டும் என்று படித்தவன்தான் நான். அதற்கு இன்னும் இரண்டு நாள் ஆகும் என்று அப்படியே பொடியாகக் கொட்டிக் கலந்தேன். நாலு கிண்ணம் வைத்தேன். மூன்று கோணிப்போயிற்று. ஒன்று மட்டும் நினைத்த மாதிரியே வந்தது. இன்றைக்கும் சொல்கிறேன், என் கையால் அதைவிட அழகாக ஒன்று வந்ததில்லை.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கு உன் அம்மா தொடவே இல்லை. "பீங்கான்ல யாராவது சோறு திம்பாங்களா? எத்தன தேச்சாலும் எச்சி போவுமா? காபிக்குன்னா சரி" என்றாள். அவள் சொன்னதில் புதிதாக ஒன்றும் இல்லை. இந்த ஊரே பீங்கான் சுடுகிறது, சுடுகிறவன் வீட்டில் எவர்சில்வர் தட்டில்தான் சோறு. நானும் வீட்டில் அதில் சாப்பிட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. ஆனால் கொல்லையில் வேறு ஒரு தட்டு இருந்தது. உனக்கு ஞாபகம் இருக்கும். நம் வீட்டில் பாத்திரம் தேய்த்து வாசல் தெளித்த அஞ்சலையின் அலுமினியத் தட்டு, குளியலறைக் கூரையில் செருகியிருக்கும். நாம் எல்லாரும் சாப்பிட்ட பிறகு அவள் அதை எடுத்துக் கழுவி நீட்டுவாள், அம்மா மேலேயிருந்து சோற்றைப் போட்டு ரசத்தை ஊற்றுவாள், அவள் கிணற்றடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கழுவித் திரும்பவும் செருகிவிட்டுப் போவாள். உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாசி மகத்துக்குக் கூட்டத்தில் புகுந்து போனவள். உன் அம்மாவின் வயதுக்காரி. நீ அவளை வாடி போடி என்று கூப்பிடுவாய். நாங்கள் திருத்தவில்லை.

வெளிநாடு போய் வந்தவன் அல்லவா, எனக்கு அந்த நசுங்கின தட்டைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அவளுக்கு இந்தக் கிண்ணத்தைக் கொடுத்துவிடலாம் என்றேன். கொடுங்க, ஆனா நம்ம சாமானோட கலக்காம ஒரு அடையாளம் போட்டுக் கொடுங்க என்றாள் அம்மா. அடியில் கருப்பு வண்ணத்தால் ஒரு பொட்டு வைத்து, திரும்பவும் ஒரு முறை சின்னச் சூளையில் வைத்து எடுத்தேன். நீ கேட்ட முத்திரை அதுதான். உன் அப்பா பெயருக்காக வைத்ததில்லை. கீழே இருக்கிறவளுடைய ஏனம் மேலே வந்துவிடாமல் இருக்க வைத்தது. தட்டை மாற்றினேன், இடத்தை மாற்றவில்லை. அதை மாற்றம் என்று நினைத்துக்கொண்டு ஒரு வாரம் ஊரெல்லாம் பெருமை பேசினேன். அஞ்சலை அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "மூடியெல்லாம் வெச்சு இருக்குது, சாமிக்குப் படைக்கலாம் போல இருக்குது. இதுலயா எனக்கு?" என்றாள். மூடி இருந்ததால் அதற்குப் பிறகு அவள் கிணற்றடியில் சாப்பிடுவதையே விட்டுவிட்டாள். ரசம் ஊற்றின சோற்றை மூடி வீட்டுக்கு எடுத்துப் போவாள். பாதியைப் பிள்ளைக்கு வேறு தட்டில் போட்டுவிட்டு, மீதியில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்து, காலையில் புளித்ததும் உப்புப் போட்டுக் குடித்துவிட்டு வேலைக்கு வருவாள். யூனின் ஊரில் சூப்பில் புளி இல்லை. நம் ஊரில் புளி இல்லாமல் ரசமே இல்லை. கிண்ணத்தின் அளவை அரை நூல் பிசகாமல் எடுத்து வந்தவனுக்கு, அதில் என்ன ஊற்றுவார்கள் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

இரண்டு வருஷம். முதலில் வயிற்றுவலி என்றாள். வயிற்றுவலிக்கு மாத்திரை வாங்கித் தின்றாள். அப்புறம் வலது மணிக்கட்டு தொங்க ஆரம்பித்தது. தேய்க்கிற ஏனம் நழுவும், குடம் நழுவும். வாதம் என்று எண்ணெய் போட்டார்கள். ஒரு நாள் காலையில் அவள் கையிலிருந்து காபி டபரா நழுவி என் பாதத்தில் விழுந்தது. கவனம் எங்கே இருக்கிறது என்று கத்தினேன். "கை சொன்ன பேச்சு கேக்கமாட்டேங்குது ஐயா" என்றாள். "அப்ப சொன்ன பேச்சு கேக்குற கையா பாத்துக்கறேன். நாளைலேர்ந்து வர வேணாம்" என்றேன். நீ பள்ளிக்கூடப் பையோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அன்றைக்கு இந்த வீட்டில் சரியாக நடந்துகொண்டவன் நீ ஒருத்தன்தான்.

சில மாதம் கழித்து ஒரு வெளிநாட்டுத் தொழில் பத்திரிகையில், காரீயப் பூச்சில் தாமிரம் சேர்ந்தால் காரீயம் பல மடங்கு கரைந்து வரும் என்று படித்தேன். கோணிப்போன மூன்றில் ஒன்று லேபில் கிடந்தது. அதில் காடியை, அதாவது வினிகரை, ஊற்றி ஒரு நாள் வைத்தேன். அதை வற்றவைத்துச் சோதனை மருந்து இரண்டு சொட்டு விட்டேன். அடியில் மஞ்சள் மஞ்சளாகப் படிந்தது. காரீயம் இருந்தால்தான் அப்படிப் படியும். அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நேரே போய்ச் சொல்லி, கையோடு டாக்டரிடம் அழைத்துப் போயிருக்க வேண்டும். நான் போனேன். போய், பொருட்காட்சியில் வைக்க வேண்டும், அந்தக் கிண்ணம் வேண்டும் என்று கேட்டேன். பதிலுக்கு ஒரு எவர்சில்வர் தட்டைக் கொண்டுபோயிருந்தேன். அவள் கிண்ணத்தை இடது கையால் கழுவி, முந்தானையால் துடைத்து, மூடியையும் சேர்த்து என் முன்னால் வைத்தாள். "குடுத்தத திருப்பிக் கேக்குற ஆளுன்னு உங்கள நெனக்கல ஐயா" என்றாள். தட்டைத் தொடவில்லை. தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அப்போது என்னைப் பிரிவுக்குத் தலைவனாகப் போடுவதாகப் பேச்சு இருந்தது, வெளியே தெரிந்தால் போய்விடும் என்று பயந்தேன். அது ஒரு காரணம். அதைவிட, வெட்கம். படித்தவன், வெளிநாட்டில் பயிற்சி எடுத்தவன், அடுப்படியில் தெரிந்திருக்க வேண்டியதைத் தெரிந்துகொள்ளவில்லை என்று அவள் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. கிண்ணத்தை ஏன் உடைக்கவில்லை என்றும் கேட்பாய். அதற்குக் காரணம் சொன்னால் என்மேல் உனக்கு இருக்கிற மரியாதையில் மிச்சமும் போய்விடும். அது அழகாக இருந்தது. அவ்வளவுதான். ஆறு வருஷம் அலமாரியில் பூட்டி வைத்து எப்போதாவது எடுத்துப் பார்த்தேன். உன் கடிதம் வந்ததும்தான் தந்தி ஆபீசுக்கு ஓடினேன். வரிசையில் நிற்கும்போது உறைத்தது. என் பிள்ளை என்றதும் பத்து நிமிஷத்தில் ஓடி வந்தவன், அவளுக்கு ஆறு வருஷம் ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கம்மாபுரம் பஸ்ஸில் ஏறிப் போனேன். அஞ்சலையம்மா அங்கே மகள் வீட்டில் இருக்கிறார். இதுவரை அவள், இவள் என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். அடித்துத் திருத்தவில்லை, நாம் எப்படிப் பேசினோம் என்று உனக்குத் தெரியட்டும். நான் போனபோது சாப்பிட உட்கார்ந்திருந்தார். மகள் சோற்றுத் தட்டை வைத்து, ரசக் கிண்ணத்தை அதற்கு இடது பக்கம் வைத்துவிட்டுப் போனாள். அவர் இடது கையால் ரசத்தை ஊற்றி, இடது கையாலேயே பிசைந்து சாப்பிட்டார். வலது கை மடியில் கவிழ்ந்து கிடந்தது. என்னைப் பார்த்ததும் இடது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து ஆறு வருஷம் ஆயிற்றாம், எடது கையால தின்னா பக்கத்துல எவ உக்காருவா என்று மகள் சொன்னாள். சோறு வலது பக்கம், சூப்பு இடது பக்கம். யூன் மாற்றி வைத்தது ஞாபகம் வந்தது. உயிரோடு இருக்கிறவர் முன்னால் அப்படி வைக்கும்படி செய்தவன் நான்.

தம்பி எப்படி இருக்குது என்று உன்னைத்தான் முதலில் கேட்டார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பூச்சு, புளி, மஞ்சள், பொருட்காட்சிப் பொய், எல்லாம். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்டால் அவர்மேல் இன்னொரு வேலையைச் சுமத்துகிற மாதிரி இருக்கும். மடியில் கிடந்த கையைப் பார்த்தார். பிறகு, "அப்ப பூங்காவனம் ஒன்னும் செய்யலியா?" என்று கேட்டார்.

பூங்காவனம் அவருடைய நாத்தனார், நாலு வீடு தள்ளி இருக்கிறார். கை விழுந்த சமயத்தில் இரண்டு பேருக்கும் இங்கே குடும்பத்துக்குப் பொதுவாக இருந்த முருங்கை மரத்தை வைத்து ஒரு தகராறு. அவள்தான் செய்வினை வைத்துவிட்டாள் என்று யாரோ சொல்ல, இவர் நம்பிவிட்டார். "எதிர்ல வந்தா மண்ண வாரித் தூத்துவேன் ஐயா. அவ பொண்ணு கல்யாணத்துக்குப் போவல. அவ புருசன் செத்தான், அதுக்கும் போவல" என்றவர், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "வாங்க. எங்கிட்ட சொன்ன மாதிரியே அவகிட்டயும் சொல்லுங்க. ஒன்னும் கொறைக்காம."

போனேன். முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அந்த அம்மாளிடம் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். இரண்டாம் முறை சொல்வது முதல் முறையைவிடக் கஷ்டமாக இருந்தது. அவர் என்னை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அஞ்சலையம்மாவைப் பார்த்து, "ஏண்டி, எம்மேல மண்ணத் தூத்தறப்ப மட்டும் இந்தக் கை நல்லாத்தான வேல செஞ்சுது?" என்றார்.

"அது எடது கை."

பூங்காவனம் முறத்தைக் கீழே வைத்துவிட்டு அந்தத் தொங்கின கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அங்கே எனக்கு வேலை இல்லை என்று தெருவுக்கு வந்து நின்றேன். பஸ்ஸுக்கு நேரம் ஆகிறது என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை, அது என் சுபாவத்தில் இல்லாத காரியம்.

வெளியே வந்த அஞ்சலையம்மா கிண்ணம் எங்கே என்று கேட்டார். தம்பியிடம் இருக்கிறது, உடைக்கச் சொல்லித் தந்தி கொடுத்துவிட்டேன் என்றேன். "யாரக் கேட்டு ஒடைக்கச் சொன்னீங்க? அது எனக்குக் குடுத்தது. பொருட்காட்சி முடிஞ்சிருக்குமில்ல, கொண்டாந்து குடுங்க. ஒடைக்கறதா வெச்சுக்கறதான்னு நான் பாத்துக்கறேன்." இதைப் பத்திரிகையில் எழுதப்போகிறேன், பெயரைப் போடலாமா என்று கேட்டேன். போடுங்க, பூங்காவனம் ஒன்னும் செய்யலன்னும் அதுல எழுதுங்க என்றார். எழுதிவிட்டேன். பூங்காவனம் ஒன்றும் செய்யவில்லை. புதன்கிழமை அஞ்சலையம்மாவைப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். நாத்தனாரும் கூட வந்தால்தான் வருவேன் என்று சொல்லியிருக்கிறார். கை எவ்வளவு திரும்பும் என்று தெரியாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் என்றால் திரும்பியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். பொட்டு வைக்கச் சொன்னது நான்தானே என்றாள்.

நீ இப்போது மற்றவர்கள் சாப்பிடுகிற ஏனத்துக்குப் பூச்சு கலக்கிறாய். நல்ல நிறம் வந்தால் உன்னைச் சுற்றி நின்று பாராட்டுவார்கள், வேகமாக முடித்தால் சீக்கிரம் மேலே போவாய். நான் போனேன். ஆனால் கலக்குவதற்கு முன்னால் ஒன்று கேள். இதில் சாப்பிடப் போகிறவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், யார் சாப்பிட்ட பிறகு சாப்பிடுகிறார்கள், மிச்சம் எங்கே போகிறது, அது எத்தனை மணி நேரம் ஊறுகிறது. இது சமையல்கட்டு விஷயம் என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். யூன் இதைத்தான் ஆறு மாதம் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பொங்கலுக்கு லீவு கிடைத்ததும் கிண்ணத்தை, அல்லது துண்டுகளை, கையோடு எடுத்து வா. பார்சலில் அனுப்பாதே. வீட்டுக்கு வராமல் நேராகக் கம்மாபுரம் போ, நான் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறேன். அவரை அம்மா என்று கூப்பிடு. வலது கையை அவரால் நீட்ட முடியாது, இடது கையைத்தான் நீட்டுவார், நீட்டும்போது கூசுவார். நீ இரண்டு கையாலும் கொடு.

அப்பா